ஆறாம் வகுப்புக்கு ஓர் அறை

பள்ளிக்கூடம் நடத்துகிறவருக்கு யோசனை சொல்லாத ஆள் ஊரில் கிடையாது. கூட நிற்கிற ஆளைத்தான் தேட வேண்டும். என்னைப் போல் மாட்டிக்கொண்டவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். பூம்புகார் சாலையிலிருந்து உள்ளே தள்ளி, வாய்க்கால் கரையில் இருந்த ஒரு சின்ன மிஷன் பள்ளிக்கு நான் தலைமை ஆசிரியை. படிக்க வந்தவர்கள் எல்லாம் வயல் கூலி வேலை செய்யும் சேரிக் குடும்பத்துப் பிள்ளைகள். ஐந்தாம் வகுப்போடு சரி. ஊரில் தெருவுக்குத் தெரு யாராவது துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் விமானம் ஏறிக்கொண்டிருந்த காலம் அது. எங்கள் பிள்ளைகளுக்கு ஆறாம் வகுப்பே வெளிநாடு மாதிரி இருந்தது.

மறுபடியும் ஐந்து

ஜூன் மாதம் பள்ளி திறந்த அன்று, ஐந்தாம் வகுப்பு பாஸ் பண்ணிப் போன மலர்க்கொடி பழைய இடத்திலேயே வந்து உட்கார்ந்திருந்தாள். உயர்நிலைப் பள்ளி ஆற்றுக்கு அந்தப் பக்கம். பஸ் வந்தால் வரும், வராவிட்டால் இல்லை. பெண்பிள்ளையை அவ்வளவு தூரம் அனுப்பப் பயந்து, அவள் அம்மா அஞ்சலை நடவுக்குக் கூட்டிப்போவதாக இருந்தாள்.

இங்கே உனக்குச் சொல்லித்தர ஒன்றும் மிச்சமில்லையே என்றேன். அவள் அழவில்லை, கெஞ்சவும் இல்லை. "நீங்க ஆறாம் வகுப்பு ஆரம்பிக்கிற வரைக்கும் நான் அஞ்சிலேயே இருந்துக்கிறேன் டீச்சர்" என்றாள்.

வண்டிப்பாதை

வெளிநாட்டுச் சபை ஒன்று ஆறாம் வகுப்புக் கட்டடத்துக்கு உதவ முன்வந்தது. செங்கல் லாரி வருவதற்குள் பக்கத்து நிலத்து மிராசுதார் வந்துவிட்டார். எல்லாப் பிள்ளைகளும் படித்தால் நாற்று நடுவது யார் என்று கேட்டார். உங்கள் பையன்கள் இரண்டு பேரும் சிங்கப்பூரில்தானே இருக்கிறார்கள், அவர்கள் நட வேண்டிய நாற்றை இப்போது யார் நடுகிறார்கள் என்று கேட்டேன். மறுநாள் அவர் நிலத்து வழியாக வரும் வண்டிப்பாதையின் குறுக்கே முள் கிடந்தது. இனி ஒரு வண்டியும் இந்தப் பக்கம் போகக் கூடாது என்று ஆள் விட்டுச் சொன்னார்.

லாரி செங்கல்லை மெயின் ரோட்டிலேயே கொட்டிவிட்டுப் போயிற்று. அன்று சாயங்காலம், வேலை முடிந்து சேறு காயாத காலோடு பெண்கள் ரோட்டுக்கு வந்தார்கள். தலையில் சும்மாடு, அதன் மேல் செங்கல். முள்ளை ஓரமாக ஒதுக்கிவிட்டு வரிசையாக நடந்தார்கள். மிராசுதார் ஓடி வந்து கத்தினார். முன்னால் போன அஞ்சலை நின்றாள், சுமையை இறக்கவில்லை. நாளைக்கு அவர் வயலில்தான் அவளுக்கு வேலை.

"வண்டி போகக் கூடாதுன்னுதானே சொன்னீங்க. நாங்க வண்டி இல்லீங்களே."

போட்டோ

சுவர் எழும்பியதும் அந்தச் சபையிலிருந்து ஓர் அம்மையார் பார்க்க வந்தார். பிள்ளைகள் குளித்து, எண்ணெய் தேய்த்துத் தலைவாரி, துவைத்த சட்டையில் நின்றார்கள். அவர் கேமராவை எடுத்துவிட்டுத் தயங்கினார். குடிசை முன்னால், வீட்டில் உடுத்தும் கிழிந்த துணியில் எடுக்கலாமா, எங்கள் ஊர்க்காரர்கள் அப்போதுதான் மனம் இளகிக் கொடுப்பார்கள் என்றார். கூரை இன்னும் போடவில்லை. இருந்தாலும், முடியாது என்று சொல்லுங்கள் ஐயர் என்றேன், மொழிபெயர்க்க நின்ற எங்கள் போதகரிடம். அந்த மாதம்தான் மாற்றலாகி வந்தவர். அவர் அந்த அம்மாவிடம், டீச்சர் யோசித்துச் சொல்வதாகச் சொல்கிறார் என்று இங்கிலீஷில் பூசி மெழுகினார்.

நானே எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன்: உங்களைப் பார்க்கத்தான் இவ்வளவு சுத்தமாக வந்திருக்கிறார்கள், இவர்களை அழுக்காக்கி எடுக்க விடமாட்டேன். அந்த அம்மாவின் முகம் சிவந்துவிட்டது. பிறகு பிள்ளைகளிடமே மன்னிப்புக் கேட்டு, அவர்கள் நின்றபடியே எடுத்துக்கொண்டார். கூரையும் வந்தது. போதகருக்குத்தான் மனசு ஆறவில்லை.

"உங்களுக்கு இவ்வளவு இங்கிலீஷ் வரும்னு முன்னாடியே சொல்லியிருந்தா, நான் ஒரு பொய் சொல்லாம இருந்திருப்பேனே டீச்சர்."

தனி பெஞ்ச்

ஆறாம் வகுப்பு தொடங்கி நன்றாகவே நடந்தது. அதைப் பார்த்து மேலத்தெருவிலிருந்தும் பெண்பிள்ளைகளைச் சேர்க்க வந்தார்கள். துபாயிலிருந்து லீவில் வந்திருந்த ஒருவர், மகளுக்குத் தனி பெஞ்சும் தனித் தண்ணீர்ப் பானையும் வேண்டும் என்றார். அப்படி வைத்தால் இன்னும் பத்துப் பேர் வருவார்கள் என்று ஆசையும் காட்டினார். துபாயில் உங்கள் அடுக்குக் கட்டிலில் மேலே படுத்திருக்கிறவர் எந்தத் தெரு என்று விசாரித்தீர்களா என்றேன். மகளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டார். மேலத்தெருவிலிருந்து அந்த வாரம் வேறு யாரும் வரவில்லை.

அவர் லீவு முடிந்து விமானம் ஏறினார். அடுத்த திங்கட்கிழமை அவர் மனைவி மகளோடு வாசலில் நின்றார். நான் வாயைத் திறப்பதற்குள் மகள் உள்ளே போய் மலர்க்கொடி பக்கத்தில் நெருக்கி உட்கார்ந்துவிட்டாள்.

"அவர் சொன்னதை விடுங்க டீச்சர். அவ எங்க உட்காரணும்னு அவளே முடிவு பண்ணிட்டா" என்றார் தாய்.

பள்ளிக்கூடத்தைப் பெரிதாக்கப் போகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: அதில் எனக்குத் தொந்தரவே கொடுக்காதது செங்கல்லும் சிமெண்டும் மட்டும்தான்.