பால் பல் விழாத குதிரை

பவித்ரா, சரண், என் பிள்ளைகள் நீங்கள் இரண்டு பேரும் முதலில் படியுங்கள், பிறகு மற்ற பிள்ளைகள் படிக்கட்டும். வெந்த கொள்ளின் வாசனை பட்டால் எனக்கு இன்றைக்கும் தொடையிடுக்கு எரிகிறது. அரக்கோணம் ரோட்டில் குதிரை வளர்க்கிறவர் நடத்தப்போகும் நெடுந்தூரச் சவாரிக்கு உன்னை அனுப்ப மாட்டேன் என்றதிலிருந்து, பவித்ரா, நீ என்னோடு பேசுவதில்லை. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குக் காரணத்தை எப்படிச் சொல்வது என்று தெரியாமல்தான் இதை எழுதுகிறேன்.

நானும் அப்போது ஒன்றாம் வகுப்புதான். என் பெரியக்காவைக் கட்டியவர், நாங்கள் 'பாவா' என்று கூப்பிடுபவர், திருத்தணி ஸ்டேஷனில் இறங்குகிறவர்களை மலையடிவாரத்துக்கு ஏற்றிப்போகும் 'ஜட்கா' குதிரை வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார். அந்த வருஷம் வண்டிக்காரர்கள் சேர்ந்து, வண்டியை அவிழ்த்து வைத்துவிட்டு குதிரையின் மேலேயே அரக்கோணம் வரை போய்த் திரும்பும் பந்தயம் ஒன்று வைத்தார்கள். மேலே உட்காரும் ஆள் லேசாக இருந்தால் குதிரை சீக்கிரம் களைக்காது என்பது அவர்கள் கணக்கு, அதனால் எங்களைப் போன்ற தறிக்காரர் வீடுகளிலெல்லாம் 'சோனிப் பையன்' தேடினார்கள். பாவா என் அக்குளில் கைகொடுத்துத் தூக்கிப் பார்த்துவிட்டு, என் நைனாவிடம், "மாமா, இவன் கோழிகூட இல்ல, கோழி றெக்கை" என்றார். நைனா சிரித்தார். நானோ, "நான்தான் ஏறுவேன்" என்று குதித்தேன்.

பந்தயத்தன்று வண்டிக்காரர்களில் மூத்தவர், வரிசையாக நின்ற குதிரைகளின் உதட்டைத் தூக்கிப் பல் பார்த்துக்கொண்டே வந்தார். ஒரு செவலைக் குதிரையிடம் நின்று, "பால் பல்லே இன்னும் விழல. எலும்பு முத்தாததை இவ்ளோ தூரம் ஓட்டினா காலு போயிடும். பாவம்யா, வூட்டுக்கு இட்டுகினு போ" என்று திருப்பி அனுப்பினார். நியாயம்தான் என்று எல்லோரும் தலையாட்டினார்கள். பக்கத்தில் பாவாவின் குதிரை மேல், துண்டால் சேணத்தோடு சேர்த்துக் கட்டப்பட்டு, ஆடுகிற முன்பல்லை நாக்கால் தள்ளிக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தேன்.

பாவா சைக்கிளில் கூடவே வந்தார். அரக்கோணத்தைத் தொடுவதற்குள் தொடை உரிந்து கால்சட்டை ஒட்டிக்கொண்டது. திரும்பும் வழியெல்லாம் "பாவா, எறக்கி வுடு பாவா" என்று அழுதேன். "இதோ வந்துடுச்சிடா மச்சான், மலை தெரியுது பாரு" என்றார். மலை எங்கிருந்து பார்த்தாலும் தெரியும். திருத்தணிக்குள் நுழைந்ததும் ஜனங்கள் கை தட்டினார்கள், நான் அழுகையை நிறுத்திவிட்டுச் சிரித்தேன். குதிரைக்கு முடியவில்லை என்றால் நின்றுவிடும். பிள்ளை நிற்காது, கை தட்டுகிறவர்களைப் பார்த்துச் சிரிக்கும்.

வந்து சேர்ந்ததும் என்னை அவிழ்த்து ஒரு கல்லின் மேல் உட்காரவைத்துவிட்டு எல்லோரும் குதிரையிடம் ஓடினார்கள். மெல்ல நடத்தி ஆறவிட்டார்கள், காலைத் தடவினார்கள், மார்பில் காது வைத்துக் கேட்டார்கள், வெந்த கொள்ளு கொடுத்தார்கள். வீட்டில் அம்மா தண்ணீர் ஊற்றி ஊற்றித் துணியைப் பிரித்தெடுத்துக்கொண்டே நைனாவைக் கேட்டாள்: "குட்டிக்கு எலும்பு முத்தலன்னு அனுப்பிட்டீங்க. இதுக்கு மட்டும் முத்திப்போச்சா?"

"அவன்தான்டி ஏறணும்னு குதிச்சான்."

"ஆங், கெணத்துல எறங்கறேன்னுகூடதான் குதிப்பான். எறக்கி வுடுவீங்களா?"

புண் ஆறியது, அவ்வளவு தூரம் குலுங்கிய இடுப்பு ஆறவில்லை. மலைப்படியில் நீங்கள் இரண்டு பேரும் மேலே ஓடிப்போய் நின்றுகொண்டு, "அப்பா, சீக்கிரம் வா" என்று கூப்பிடுகிறீர்களே, நான் மெல்ல வருவது அதனால்தான்.

இன்று ஸ்டேஷன் வாசலில் ஜட்கா இல்லை, பல் பார்த்தவர் இல்லை, நைனாவும் இல்லை. சின்னப் பிள்ளைகளைத் தூக்கி ஏற்றும் வழக்கம் மட்டும் போகவில்லை. "இப்பல்லாம் டாக்டரே கூட வராருங்க" என்றார் அந்தக் குதிரைக்காரர். எந்த டாக்டர் என்று கேட்டேன். "குதிரை டாக்டருங்க" என்றார்.

பவித்ரா, குதிரைக்காரரின் தோப்புக்குள் இரண்டு சுற்று சுற்றிவிட்டு இறங்கு, நான் தடுக்கவில்லை. "போதும், இறக்கிவிடுங்கள்" என்று நீ சொன்னால் பெரியவர்கள் கேட்கிற வயது வரட்டும், அப்போது எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் போ.

நேற்று நீங்கள் பள்ளிக்கூடம் போன பிறகு, உனக்கென்று அந்தக் குதிரைக்காரர் கொடுத்துவிட்டுப் போயிருந்த சின்ன ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு போனேன். அவர் கொட்டகையில் ஆள் இல்லை. இரும்புக் கேட்டில் மாட்டினேன். காற்றடித்தால் விழுந்துவிடும் என்று, அதன் வாரை இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டுவிட்டுத் திரும்பினேன்.