குளிரில் எடுத்த படம்

கழுத்தின் இரண்டு பக்கமும், தோள்பட்டை வரை, கருப்பாக இருந்தது. திரையில் மெல்லச் சுழன்றுகொண்டிருந்த அந்த உருவம் என் சின்னம்மாவுடையது. இரண்டு மாதங்களுக்கு முன் எடுத்த முதல் படத்தில் கழுத்தின் ஒரு பக்கத்திலும் நெஞ்சின் நடுவிலும் கருமை திட்டுத்திட்டாக இருந்தது. இரண்டு சுற்று மருந்து ஏற்றிய பிறகு அது மறைந்திருந்தால் பிழைத்துக்கொள்ள வாய்ப்பு அதிகம். மறையாவிட்டால் கடுமையான வேறு மருந்து, அதற்கப்புறமும் சந்தேகந்தான். நான் சேலத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுக்கும் வேலையில் சேர்ந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. படம் எடுப்பது மட்டுமே என் வேலை. படித்துச் சொல்ல டாக்டர் இருந்தார். ஆனாலும் கருப்பு என்றால் என்னவென்று எனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

சின்னம்மா என் அம்மாவின் தங்கை. வடக்கனந்தலில் கரும்பு வெட்டவும் நடவு நடவும் கூலிக்குப் போனவள். கணவர் இறந்த பிறகு ஒரே மகளைத் தியாகதுருகத்தில் கட்டிக்கொடுத்துவிட்டுத் தனியாக இருந்தாள். கீழே வேலை இல்லாத மாதங்களில் மலையேறி, கரியாலூர்ப் பக்கம் மரவள்ளி பிடுங்கப் போய்விடுவாள். அங்கே ஒரு சிநேகிதி வீட்டில் இரண்டு ஆடுகளும் விட்டு வைத்திருந்தாள். சும்மா உட்கார அவளுக்குத் தெரியாது. கழுத்தில் கட்டி கிளம்பியபோது, "நெல்லிக்கா மாதிரிதான் இருக்குது, தானா அமுங்கிடும்" என்று முந்தானையால் மூடிக்கொண்டு வேலைக்குப் போனாள். தூக்கத்தில் புடவை நனையும் அளவுக்கு வியர்க்கத் தொடங்கிய பிறகுதான் சேலத்துக்கு வரச் சம்மதித்தாள். நிணநீர்க் கணுக்களில் புற்றுநோய் என்றார்கள். நான் வேலை பார்த்த அதே ஆஸ்பத்திரியில்தான் வைத்தியம் நடந்தது.

அந்த ஸ்கேனுக்குக் கதிர்வீச்சு கலந்த சர்க்கரைக் கரைசலை ஊசியில் ஏற்றுவோம். நோய் இருக்கும் இடம் அதை ஆவலாக உறிஞ்சிக்கொள்ளும். படத்தில் கருப்பாகத் தெரியும். ஊசி போட்ட பின் ஒரு மணி நேரம் ஏசி அறையில் அசையாமல் படுத்திருக்க வேண்டும். சின்னம்மாவுக்கு அதைவிடப் பெரிய தண்டனை கிடையாது. நான் எட்டிப் பார்த்தபோது கால் விரல்களை ஆட்டிக்கொண்டே படுத்திருந்தாள்.

"குளுருதுடா. பல்லு அடிச்சிக்கினு இருக்குது."

"கொஞ்ச நேரந்தான் சின்னம்மா. ஆடாம படு."

போர்வைகள் சலவைக்குப் போயிருந்தன. மேல்மாடி வார்டில் ஒன்று கேட்டு வாங்கியிருக்கலாம். வெளியே இன்னும் ஐந்து பேர் காத்திருந்தார்கள். நான் கேட்கவில்லை.

படம் திரையில் வந்ததும் என் கை மேசையிலேயே நின்றுவிட்டது. நிமிர்ந்தபோது, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எழுந்து உட்கார்ந்திருந்த சின்னம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே வந்து, "இன்னாடா?" என்றாள். "ஒண்ணுமில்ல, டாக்டர் சொல்லுவாரு" என்றேன். அவள் பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறப் போனாள்.

மறுநாள் படம் படிக்கும் டாக்டரம்மா பின்னால் போய் நின்றேன். சுழலும் உருவத்தை ஒதுக்கிவிட்டு, உடலைத் துண்டு துண்டாகக் காட்டும் படங்களை ஒவ்வொன்றாக நகர்த்தினார். "நெஞ்சுல இருந்தது முழுக்கப் போயிடுச்சு. ரெண்டாவது சுற்றுலயே இப்படின்னா பெரும்பாலும் கடைசி வரைக்கும் நல்லா போகும். எழுதிக் கையெழுத்துப் போட முடியாது, ஆனா நல்ல அடையாளம்" என்றார். கழுத்தைப் பற்றிக் கேட்டேன். "பழைய கட்டியும் போயிடுச்சு. இப்பத் தெரியறது கட்டி இல்ல, கொழுப்பு. ரொம்பக் குளிர்ந்தா உடம்பு சூட்டுக்காக அதை எரிக்கும். அப்பவும் சர்க்கரையை இழுக்கும். ஏன், போர்வை குடுக்கலையா?" நான் அடுத்த நோயாளியைக் கூப்பிடப் போனேன்.

சின்னம்மாவிடம் போன் இல்லை. அவள் மகளைக் கூப்பிட்டேன். "அம்மா காலையிலயே மலைக்குப் போயிட்டாங்கண்ணா. ஆட்டை ஓட்டிக்கினு வந்து எங்கிட்ட வுடணுமாம். உசுரோட இருக்கறப்பவே குடுத்துடறேன்னு சொல்றாங்க. ஏண்ணா, படத்துல இன்னா வந்துச்சி?" நல்ல படம் என்றேன். தங்கச்சி அழுதாள். ஆனால் மலையில் இருப்பவளுக்கு அதை எப்படிச் சொல்வது? அந்தச் சிநேகிதி வீட்டிலும் போன் இல்லை; கைக்குழந்தையோடு தங்கச்சியால் மலையேறவும் முடியாது. மூன்றாவது சுற்று மருந்துக்கு நான்கு நாள் இருந்தது. அதற்குள் தானே இறங்கி வந்துவிடுவாள் என்று காத்திருந்தேன். லீவு கிடைக்கவில்லை என்று தங்கச்சியிடம் சொன்னேன். உண்மையில் நான் கேட்கவே இல்லை; சின்னம்மா முகத்தைப் பார்க்கப் பயந்தேன். மருந்து நாள் தாண்டியது. அதன் பிறகு எந்த வேலையிலும் என் கை நிலைக்கவில்லை. ஸ்கேன் அறைக்கும் வெளிவாசலுக்குமாக நடந்துகொண்டிருந்தேன். மேலும் ஒரு வாரம் போன பிறகுதான் கிளம்பினேன். கோமுகி அணையைத் தாண்டி பஸ் ஒவ்வொரு வளைவாக ஏறும்போது, இறங்கி ஓடினால் சீக்கிரம் போய்விடலாம் போலிருந்தது.

சிநேகிதி வீட்டுப் பின்புறம் சின்னம்மா ஆட்டுக்குத் தழை ஒடித்துக்கொண்டிருந்தாள். தலையில் முடி இல்லை, துண்டு கட்டியிருந்தாள்.

"படம் நல்லா இருக்குது சின்னம்மா. கழுத்துலயும் நெஞ்சுலயும் ஒண்ணுமே இல்ல."

"அன்னைக்கு உன் மூஞ்சி வேற சொல்லுச்சே. சாவு வூட்டுல நிக்கற மாதிரி நின்ன. இப்ப என்னை இட்டுக்கினு போறதுக்குப் பொய் சொல்றியா?"

ரிப்போர்ட்டை நீட்டினேன். அது ஆங்கிலத்தில் இருந்தது. அவள் வாங்கவே இல்லை. "வாந்தி எடுத்துக்கினு அங்க சாவறதுக்கு, இங்க நாலு நாளு நடமாடிட்டுப் போறேன். நீ கெளம்பு."

எனக்கு வேறு வழி இருக்கவில்லை. "எனக்குப் படத்தைப் படிக்கத் தெரியல சின்னம்மா. தெரிஞ்ச மாதிரி பயந்துட்டேன். குளுருதுன்னு சொன்ன, நான் போர்வை குடுக்கல. அந்தக் குளிருதான் படத்துல வந்துச்சி."

தழை ஒடித்த கை நின்றது.

"குளிருக்கா நான் இத்தினி நாளா செத்துக்கினு இருந்தேன்?"

திட்டுவாள் என்று நின்றேன். அவள் தழையைக் கீழே போட்டுவிட்டு, பையை எடுக்க வீட்டுக்குள் போனாள்.

மீதி மருந்தையும் ஏற்றிக்கொண்டாள். கடைசி ஸ்கேனில் உடம்பில் எங்கும் நோய் இல்லை. பல வருடங்கள் ஆகிவிட்டன. இன்றும் நடவுக்குப் போகிறாள். படம் முன்கூட்டிச் சொன்னது அவள் விஷயத்தில் பலித்தது. ஆனாலும் அவளுக்குச் சாதாரணக் காய்ச்சல் என்று போன் வந்தால்கூட என்னால் உட்கார முடிவதில்லை. தள்ளிப்போன அந்த நாட்கள் உள்ளே எதையாவது விட்டு வைத்திருக்குமோ என்று ஒரு நினைப்பு.

சொல்லாமல் விட்டது ஒன்று இருக்கிறது. மலையிலிருந்து இறங்கிய மறுநாள், மருந்து கொடுக்கும் டாக்டர் எங்கள் இருவரையும் நிற்க வைத்துக் கேட்டார்: "ஏம்மா தேதிக்கு வரல?" நான் வாயைத் திறக்கும் முன் சின்னம்மா சொன்னாள். "ஆட்டைப் பாத்துக்க ஆளு இல்லீங்க. அதான் மலையிலயே இருந்துட்டேன்." உயிரைவிட ஆடு பெரிதா என்று அவர் நெடுநேரம் திட்டினார். அவள் தலைகுனிந்து கேட்டுக்கொண்டாள். சொல்பேச்சுக் கேட்காத நோயாளி என்று அவர் அவளுடைய ஃபைலில் ஆங்கிலத்தில் எழுதியதை நான் பக்கத்தில் நின்று படித்தேன். வராந்தாவுக்கு வந்ததும், "வாயத் தெறக்காத. இப்பதான வேலைக்கிச் சேந்த" என்றாள்.

வருடத்துக்கு ஒரு முறை பரிசோதனைக்கு வருகிறாள். டாக்டர்கள் மாறிவிட்டார்கள். புதிதாக வருகிற ஒவ்வொருவரும் அந்த வரியைப் படித்துவிட்டு நிமிர்ந்து, சற்றுக் கறாரான குரலில், "சொன்னபடி நடந்துக்கறீங்களாம்மா?" என்று கேட்கிறார்கள். "நடந்துக்கறேங்க" என்கிறாள் சின்னம்மா. நான் அவள் பையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்கிறேன்.