கரண்ட் இல்லாத முகாமுக்கு வந்த ஐஸ்பெட்டி

இந்த நாட்டு மாம்பழத்துக்குத் தோலும் இல்லை, கொட்டையும் இல்லை. நோர்வேயில் எங்கள் வீட்டுக்குக் கீழே இருக்கும் கடையில், உறைந்த பட்டாணிக்கும் உறைந்த மீனுக்கும் நடுவே, சதுரம் சதுரமாக வெட்டிய மாம்பழம் பைகளில் கிடக்கும். குலுக்கினால் கூழாங்கல் மாதிரிச் சத்தம் போடும். மணமே கிடையாது. கல்யாணம் முடித்து இங்கே வந்து மூன்று வருடமாகியும் அந்தப் பையைக் கையில் எடுத்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. பழத்தின் மேல் என்ன கோபம் என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

இந்த மே மாதம் இலங்கையில் யுத்தம் முடிந்ததிலிருந்து இங்கே என்னைக் காண்பவர்கள் எல்லாரும், "இனி ஊருக்குப் போகலாம்தானே?" என்று சிரித்த முகத்தோடு கேட்கிறார்கள். அவர்களில் ஒருவர்தான் மாரித். பள்ளிக்கூடத்தில் படிப்பித்து ஓய்வு பெற்றவர். எங்கள் பகுதி நூலகத்தில் வெளிநாட்டுப் பெண்களைக் கூட்டி வாரம் ஒருநாள் சமையலும் மொழியும் பழக்குகிறார். போன வாரம் ஒரு தாளை என் கையில் தந்தார். இயந்திரம் இல்லாமல் வீட்டிலேயே மாம்பழ 'சோர்பே' செய்யும் முறை. "நீதான் செய்து காட்ட வேண்டும். மாம்பழம் உங்கள் பழம் அல்லவா?" என்றார். தாளை வாசித்தேன். பழத்தை அரை, சீனிப்பாகு சேர், புளிப்புக்குத் தேசிக்காய் பிழி, தட்டில் ஊற்றி உறைய வை, அரை மணிக்கு ஒருமுறை முள்ளுக்கரண்டியால் கிளறு. எழுத்துக்கு எழுத்து என் ராத்தாவின் கைவேலை.

ராத்தா என்றால் எங்கள் பக்கத்தில் மூத்த சகோதரி. கல்முனையில் கடலுக்குக் கிட்ட இருந்தது அவளுடைய வீடு. மச்சான் விட்டுவிட்டுப் போன பிறகு பழைய ஃபிரிட்ஜ் ஒன்றை வைத்து ஐஸ் போட்டு, பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு விற்று, ஒரே மகள் ஷிப்னாவை வளர்த்தாள். மாம்பழக் காலத்தில் மாம்பழ ஐஸ். தட்டைக் கிளறுவது ஷிப்னாவின் வேலை. வேறு யாரையும் தொட விடமாட்டாள். கரண்டியில் ஒட்டியதை நக்கிவிட்டு, மஞ்சள் நாக்கை நீட்டிக் காட்டுவாள். சுனாமியாகக் கடல் ஊருக்குள் வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் ராத்தா சந்தைக்குப் போயிருந்தாள். ஷிப்னா வீட்டில் இருந்தாள். ஒன்பது வயது. மையித்து மூன்றாம் நாள்தான் கிடைத்தது.

ராத்தாவைத் தகர முகாமுக்குக் கொண்டுபோனார்கள். சில மாதம் கழித்து ஓர் உதவி நிறுவனம், பெண்களுக்கு வாழ்வாதாரம் என்று சொல்லி, அவளுக்குப் பெரிய ஐஸ்பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து இறக்கியது. வெள்ளை வெளேரென்று, மூடியில் நிறுவனத்தின் முத்திரையோடு. பக்கத்தில் நிற்க வைத்துப் படம் எடுத்தார்கள். "கொஞ்சம் சிரிங்க" என்று மொழிபெயர்க்க வந்தவன் சொன்னான். மகளைப் புதைத்த மண் காயாத ஒருத்தியிடம்! முகாமில் கரண்ட் இருக்கிறதா என்று அன்றைக்கு ஒருவரும் கேட்கவில்லை. வயர் சுருட்டியபடியே கிடந்தது. ராத்தா அந்தப் பெட்டிக்குள் அரிசியையும் உடுப்பையும் வைத்தாள். எலி ஏறாது, அவ்வளவுதான் அதனால் கிடைத்த பலன்.

வீடு தாருங்கள் என்று அரசாங்க அதிகாரிகளிடம் கேட்டபோது கடலோரத்தில் கட்ட விடமாட்டோம் என்றார்கள். சரி, உள்ளே தாருங்கள் என்றால் காணி இல்லை என்றார்கள். அதே கடலோரத்தில், அறுகம்பேயில், அலையில் பலகை வைத்துச் சறுக்க வரும் உல்லாசப் பயணிகளுக்கு விடுதிகள் எழும்பின. பிள்ளையைப் பறிகொடுத்தவளுக்கு மட்டும்தான் கடல் ஆபத்தானதா?

இதையெல்லாம் நெஞ்சில் அடக்கிக்கொண்டுதான் நூலகச் சமையலறையில் தட்டைக் கிளறினேன். பத்துப் பெண்கள் சுற்றி நின்றார்கள். முதல் கரண்டியை வாயில் வைத்த மாரித் கண்ணை மூடி, "கோசெலி!" என்றார். இங்கே மனதுக்கு இதமான எதற்கும் அந்தச் சொல்தான். பிறகு கேட்டார்: "உன் ஊரில் இதையெல்லாம் குளிரவைக்க வசதி இருந்ததா?"

"என் சகோதரி, ஃப்ரூசெர்" என்று தொடங்கினேன். ஐஸ்பெட்டிக்கு இங்கே அந்தச் சொல்தான். குளிரில் நடுங்குவதற்கும் அதே சொல் என்பது கோபத்தில் மறந்துவிட்டது.

"உன் சகோதரிக்குக் குளிர்கிறதா? அந்தச் சூட்டு நாட்டிலா?" என்றார் மாரித். எல்லாரும் சிரித்தார்கள்.

நான் கரண்டியை மேசையில் அடித்தேன். தெரிந்த நோர்வீஜியச் சொல்லையெல்லாம் கொட்டினேன். இலக்கணம் உடைந்தால் உடையட்டும் என்றிருந்தது. கடல், ஷிப்னா, பெட்டி, படம், அரிசி. ஒன்றும் மிச்சம் வைக்கவில்லை. சிரிப்பு நின்றது. ஒரு பெண் கண்ணைத் துடைத்தாள். மாரித் என் கையைப் பிடித்து, "நாங்களும் அப்போது எவ்வளவோ கொடுத்தோமே" என்றார், குற்றம் சாட்டப்பட்டவர் போல. கையை உருவிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். ராத்தாவுக்காக நாலு வார்த்தை கேட்டுவிட்டேன் என்ற திமிர் எனக்கு.

மறுநாள் பகல் மூன்று மணிக்குக் கிட்ட, அந்தத் திமிரோடுதான் ராத்தாவுக்குப் போனில் கோல் எடுத்து எல்லாவற்றையும் சொன்னேன். அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"பெட்டிக்குள்ள அரிசி வெச்சதயும் சொன்னியா?"

"ஓம் ராத்தா."

"ஷிப்னாட கதயும்?"

"ஓம். அழுதிட்டாங்க."

"ஆருகா ஒன்னச் சொல்லச் சொன்ன?" குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் தாங்கியிருப்பேன். "அவங்க என்னப் படம் எடுத்துட்டுப் போனாங்க. நீ என்ட கதய எடுத்துட்டுப் போய்ட்டாய். ரெண்டுக்கும் என்னகா வித்தியாசம்?"

"உங்களுக்காகத்தான் ராத்தா கதச்சன்."

"எனக்காக எண்டா என்னையல்லோ கேக்கணும். இஞ்ச முகாமுக்குக் கரண்ட் வந்து ஒரு வருஷமாப் போச்சு. நான் ஐஸ் போட்டு விக்கிறன். தெரியுமா ஒனக்கு?"

தெரியாது. வாரம் தவறாமல் பேசுகிறேன். வீடு கிடைத்ததா, ஆமிக்காரன் போய்விட்டானா, யார் என்ன சொன்னார்கள் என்று என் கோபத்துக்குத் தீனிதான் கேட்டிருக்கிறேன். இன்றைக்கு என்ன செய்தாய் என்று ஒரு நாளும் கேட்கவில்லை.

"என்ன ஐஸ் போடுறீங்க?" என்றேன்.

"நன்னாரி. பால். அன்னாசி. மாம்பழம் போடுறல்ல."

என் கோபம் ஆறிவிட்டது என்று எழுதினால் அது பொய். முத்திரை ஒட்டிப் படம் எடுத்தவர்கள் மேலும், காணி இல்லை என்றவர்கள் மேலும் அது அப்படியே இருக்கிறது. ஆனால் அந்த வரிசையில் இப்போது நானும் நிற்கிறேன். "மன்னிச்சிருங்க ராத்தா" என்றேன். அவள் கோலை வெட்டவில்லை.

போனுக்குள், கல்முனையில் பொழுது சாய்ந்து மஃரிப் தொழுகைக்குப் பாங்கு ஒலிக்கத் தொடங்கியது. ஒரு பள்ளிவாசல், அதன் மேல் இன்னொரு பள்ளி, கடல் இரைச்சல் போல ஒன்றன்மேல் ஒன்றாக. என் கை தானாகவே பக்கத்தில் கிடந்த துவாயை எடுத்துத் தலையில் போட்டது. ஜன்னலுக்கு வெளியே பட்டப்பகல். இங்கே மஃரிபுக்கு இன்னும் ஏழு மணித்தியாலம் இருந்தது. எந்த ஊர் வெளிச்சத்தில் நிற்கிறேன், எந்த ஊர் இருட்டுக்குத் தலை மூடுகிறேன் என்று தெரியாமல், பாங்கு முடியும்வரை போனைக் காதோடு வைத்துக்கொண்டு நின்றேன்.