உயிரோடிருப்பவனின் விதவை

ஓவியேதோ நகரப் பேருந்து நிலையத்தில் நிற்கிற வண்டிகளில் ஏறி இறங்கி, மரவள்ளி மாவில் சீஸ் சேர்த்துச் சுட்ட சிப்பா விற்பதுதான் ஸுனில்டாவுக்கும் அவள் அம்மா எமெரென்சியாவுக்கும் பிழைப்பு. ஸுனில்டாவுக்கு இருபத்திரண்டு வயது. ஒரு வண்டி போய் அடுத்தது வருவதற்குள் நோட்டில் ஏதாவது எழுதிக்கொண்டிருப்பாள்.

அந்த வருடம் நகர நூலகம் ஒரு போட்டி அறிவித்தது. முழு நாவல் வேண்டாம்; எழுதப்போகும் நாவலின் கதையைப் பத்துப் பக்கத்தில் கொடுத்தால் போதும். ஸுனில்டாவிடம் ஒரே ஒரு கதைதான் இருந்தது. வீட்டை விட்டு ஓடிப்போன புருஷன் செத்துப்போனதாக ஊருக்குச் சொல்லி, கறுப்பு உடுத்தி, வருடா வருடம் மாதா கோயிலில் அவன் ஆத்மாவுக்குப் பூசை வைக்கிற ஒருத்தியின் கதை.

அது அவள் அம்மாவின் கதை. அப்பா ஃபுல்ஹென்சியோ எல்லை தாண்டி அர்ஜென்டினாவில் வேறொருத்தியோடு குடித்தனம் நடத்துகிறார். இது அவர்கள் இருவருக்கு மட்டும்தான் தெரியும். பதினான்கு வயதிலிருந்து, துக்கம் விசாரிக்கிறவர்கள் முன்னால் தலை குனிந்து நின்று ஸுனில்டாவுக்கும் பழகிவிட்டது.

வேறு கதை யோசித்துப் பார்த்தாள். ஆற்றில் தங்கம் தேடுகிறவன், குரல் போன பாடகி. எதுவும் மூன்றாம் பக்கத்தைத் தாண்டவில்லை. எந்தப் பெண்ணை எழுதினாலும் நாலு வரிக்குள் அவள் கறுப்பு உடுத்திவிடுவாள்.

மாவு பிசையும் மேசையில் கிடந்த நோட்டை ஒருநாள் அம்மா படித்துவிட்டாள். கத்தவில்லை. கையில் ஒட்டிய மாவைச் சுரண்டிக்கொண்டே கேட்டாள்:

“அந்தாளு உசிரோட இருக்கறது உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். மூணாவது ஆளுக்குத் தெரிஞ்சா நான் எந்த மூஞ்சியோடடி பஸ்ல ஏறுவேன்?”

“பேரெல்லாம் மாத்திடறேம்மா.”

“பேர மாத்தினா? இந்த ஊர்ல எனக்குன்னு இருக்கற மரியாதையே விதவைங்கறதுதான். ஓடிப்போனவன் பொண்டாட்டிக்கு யாரு எழுந்து இடம் குடுப்பா?”

நோட்டை அடுப்பில் போடச் சொல்லுவாள் என்று ஸுனில்டா காத்திருந்தாள். அம்மா சொல்லவில்லை. அதுவே பாரமாக இருந்தது.

போட்டிக்குப் புனைபெயரில்தான் அனுப்ப வேண்டும். உண்மைப் பெயர் தனி உறைக்குள், ஒட்டிப் போகும். பரிசு கிடைத்தால்தான் பிரிப்பார்கள். கடைசி நாளில் பத்துப் பக்கத்தையும் அம்மாவுக்குத் தெரியாமல் கொடுத்துவிட்டு வந்தாள். அன்றிலிருந்து தோற்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டாள். வேண்டிக்கொண்டிருக்கும்போதே, பரிசு வாங்கும்போது என்ன பேசலாம் என்று மனசு ஒத்திகையும் பார்த்தது.

முடிவை உள்ளூர் வானொலியில் சொன்னார்கள். முதல் இரண்டு பரிசும் யாருக்கோ. மூன்றாவதாக, ‘உயிரோடிருப்பவனின் விதவை’ என்ற கதைக்குச் சிறப்புப் பாராட்டு. எழுதியவர் ஒரு மாதத்துக்குள் நேரில் வந்து சம்மதித்தால் உறையைப் பிரிப்போம், இல்லையென்றால் பிரிக்காமலே எரித்துவிடுவோம் என்றார்கள்.

அம்மா சிப்பாவை வளையமாக உருட்டிக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

“மூணாவதுதானா,” என்றாள்.

ஸுனில்டாவுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. நூலகத்துக்குப் போகட்டுமா என்று கேட்கத் தைரியம் வரவில்லை. போ என்றோ போகாதே என்றோ அம்மாவும் சொல்லவில்லை. அந்த மாதம் முழுக்க மாவு, சீஸ், வண்டி நேரம் தவிர இருவரும் வேறு பேசவில்லை. முப்பதாம் நாள், நூலகம் மூடுகிற நேரத்தில், நிலையத்தில் நின்ற, தலைநகர் அசுன்சியோன் போகிற வண்டியில் இருக்கைகளுக்கு நடுவே கூடையோடு நின்று, ஸுனில்டா யாருக்கோ சில்லறை கொடுத்துக்கொண்டிருந்தாள்.