கண்ணாடியில் படிந்த தித்திப்பு

என் காரின் கதவுப் பையில் ஒரு பழைய மஞ்சள் துணி கிடக்கிறது. கண்ணாடி துடைக்க எடுக்கும்போதெல்லாம் ஒருமுறை முகர்ந்து பார்க்காமல் விடமாட்டேன். வெறும் சோப்பு வாசனைதான் வரும். ஆனாலும் பழக்கம் விடவில்லை. துணி சாருடையது. அவர் அலுவலகத்தில் எங்கள் டீமின் தலைவர். இருவருக்கும் வீடு இரும்புலியூரில், அடுத்தடுத்த தெரு. அவருடைய பழைய காரில்தான் பல வருடங்கள் சிறுசேரிக்குப் போய்வந்தேன்.

சென்னையில் ஹீட்டர் போட்டுக் கார் ஓட்டிய மனிதர் அவர் ஒருவராகத்தான் இருப்பார். சிரிக்காதீர்கள், காரணம் இருந்தது. கேளம்பாக்கம் சாலை நெரிசலில் நின்றால் இன்ஜின் சூட்டைக் காட்டும் முள் விறுவிறுவென்று ஏறும். ஹீட்டரைப் போட்டால் அந்தச் சூடு காருக்குள் வந்துவிடும், முள் இறங்கும். முள் குளிர, நாங்கள் இருவரும் இட்லிப் பானைக்குள் உட்கார்ந்த மாதிரி வேகுவோம். வெயில் நாளில் ஜன்னலைத் திறந்துகொள்ளலாம். மழையில் மூடித்தானே ஆகவேண்டும்? மூடினால் முன்கண்ணாடி உள்பக்கமாக வெள்ளை வெளேரென்று மங்கிவிடும். பக்கத்து இருக்கையிலிருந்து மஞ்சள் துணியால் துடைப்பது என் உத்தியோகம். துடைத்த இடமே மறுபடி மங்கும். கூடவே ஒரு தித்திப்பு வாசனை, பாகு காய்ச்சுகிற அடுப்படி மாதிரி. "மழைன்னா கண்ணாடி மங்கத்தாம்மா செய்யும்" என்பார் சார். இன்ஜினைக் குளிர்விக்கும் கூலண்ட் திரவம் குறைந்திருந்தால், "வண்டிக்குத் தாகம்" என்று தண்ணீர் ஊற்றி மூடிவிடுவார். ஊரார் எழுதிய புரோகிராமில் பிழையை மோப்பம் பிடிக்கிற மனுஷன், சொந்த வண்டியில் அப்படி ஓர் அசட்டை.

சாருக்குச் சர்க்கரை நோய் உண்டு. அவர் மனைவியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். பள்ளியில் வேதியியல் ஆசிரியை, கண்டிப்பானவர். அவருடைய அப்பா சர்க்கரையால் ஒரு காலை இழந்தவர். அந்தப் பயம் அக்காவை விட்டுப் போகவே இல்லை. ஒரு மழைக்கால ஞாயிற்றுக்கிழமை, தேவாலயத்துக்குப் போகிற வழியில் அந்த வாசனை அக்காவின் மூக்கில் ஏறிவிட்டது. தினமும் காரில் மிட்டாய் தின்கிறாரா என்று கேட்டிருக்கிறார். இல்லை என்றார் சார். "அப்படின்னா சத்தியம் பண்ணுங்க" என்றார் அக்கா. அங்கேதான் வந்தது வினை. சத்தியமே செய்யாதே என்று பைபிளில் இருக்கிறதாம், சார் மாட்டேன் என்றுவிட்டார். "இந்த வாசனை என்னோடது இல்ல. இல்லன்னா இல்ல, அவ்ளோதான்." சத்தியம் செய்யாத வாய் பொய் சொல்கிற வாய் என்று அக்கா முடிவு கட்டிவிட்டார்.

அதற்குப் பிறகு அக்காவிடமிருந்து சாருக்குச் சாப்பாட்டு டப்பா வரும், பேச்சு வராது. ஒரு நாள் அக்கா எனக்குப் போன் செய்தார். "நீயாவது உண்மையச் சொல்லுடி. கார வித்துட்டு அவர கம்பெனி பஸ்ல அனுப்பப் போறேன். எங்கப்பாவும் இப்படித்தான் ஒளிச்சு ஒளிச்சுத் தின்னாரு" என்று அழுதுவிட்டார். சார் மிட்டாய் தின்று நான் பார்த்ததே இல்லை என்றேன். ஆனால் வாசனையை நானும்தானே முகர்ந்தேன்? அதையும் சொன்னேன். சார் வழி முழுக்கப் பேசுகிறவர். அந்த நாட்களில் வைப்பரையே பார்த்துக்கொண்டு வருவார். எனக்கு மனசு கேட்கவில்லை. "அக்கா, நீங்களே ஒரு தரம் உட்கார்ந்து பாத்துடுங்க" என்றேன்.

சனிக்கிழமை காலை, நல்ல மழை. வீட்டு வாசலில் காரைக் கிளப்பி ஹீட்டரையும் போட்டாயிற்று. "நீங்க வெளிய நில்லுங்க" என்றார் அக்கா. வகுப்புக்கு வெளியே நிறுத்தப்பட்ட பையன் போல சார் குடையோடு தெருவில் நின்றார். உள்ளே நானும் அக்காவும். கொஞ்ச நேரத்தில் கண்ணாடி மங்கியது. மங்க மங்க, வாசனையும் வந்தது. குற்றவாளியோ வெளியே நனைந்துகொண்டிருந்தார்! அக்கா மஞ்சள் துணியால் துடைத்தார். விரலில் தேய்த்துப் பார்த்தார். "மூச்சுக்காத்து பட்டா தண்ணியாத்தானே இருக்கும்? இது எண்ணெய் மாதிரி பிசுபிசுங்குது பாரு." காலடி மிதியடியைத் தூக்கினார், அடியில் ஈரம், அதே பிசுபிசுப்பு. "ஐயோ, கூலண்ட்! அதுல இருக்கிற கிளைக்கால்ங்கிற ரசாயனம் தித்திப்பா வாசம் அடிக்கும்டி. ஹீட்டர்ல எங்கயோ ஒழுகுது. ஆவியா வந்து கண்ணாடில படியுது, அங்க கூலண்ட் கொறையறதால இன்ஜின் சூடாகுது." சூடு தணிக்கப் போட்ட ஹீட்டரிலேயே கோளாறு. நான் வாயைப் பிளந்தேன். அக்கா சிரிக்கவில்லை. மங்கிய கண்ணாடியில் கை அகலத்துக்குத் துடைத்து, அதன் வழியே சாரைப் பார்த்தார். பிறகு கதவைத் திறந்தார். "உள்ள வாங்க. நனையாதீங்க" என்றார். சார் விஷயத்தைக் கேட்டதும், அப்படியா என்று விரலில் தொட்டு நாக்கில் வைக்கப் போனார். "விஷம்! விஷம்!" என்று அக்கா கையிலேயே ஓர் அடி வைத்தார். எனக்கு அப்பாடா என்றிருந்தது.

அன்றே மெக்கானிக் பாயிடம் போனோம். அவர் டேஷ்போர்டைக் கழற்றிப் பார்த்தார். "டீச்சர் சொன்னது கரீட்டு சார், ஈட்டர்லதான் லீக்கு கீது" என்றவர், இன்னும் கொஞ்சம் கையை உள்ளே விட்டார். "இது இன்னா சார், இங்க மாட்டிகினு கீது?" வெளியே வந்தது பிரிக்காத ஒரு கடலை மிட்டாய்ப் பொட்டலம்.

சார் முகத்தைப் பார்க்கவேண்டுமே! "திடீர்னு லோ சுகர் ஆனா வேணும்னு வெச்சது. உள்ள விழுந்துட்டுது. பிரிக்கவே இல்ல பாரேன்" என்றார். அக்கா பொட்டலத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். என்ன நடக்குமோ என்று நானும் பாயும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். "இதச் சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல" என்றவர், சிரித்தார். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

சார் ஓய்வுபெற்று, காரை விற்றபோது துணி என்னிடம் வந்தது. இப்போது அவர்கள் இருப்பது படப்பையில். போன வாரம் சாருக்கு ரத்தப் பரிசோதனை முடித்து, இருவரையும் என் காரில் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அளவு நன்றாக இருந்ததில் அக்காவுக்கு ஏகக் குஷி. மழை பிடித்தது, கண்ணாடி லேசாக மங்கியது. துணியை எடுத்து வழக்கம்போல முகர்ந்தேன். சோப்புதான். ஆனால் காருக்குள் வெல்ல வாசனை அடித்தது. என் காரில் எந்த ஒழுகலும் இல்லையே என்று நிமிர்ந்து பின்பக்கம் காட்டும் கண்ணாடியைப் பார்த்தேன். சாரின் வாய் மெல்ல அசைந்துகொண்டிருந்தது. உடைத்த கடலை மிட்டாயின் மீதி, அக்காவின் கையில்.

"என்னடி பாக்குற?" என்றார் அக்கா. "ரோட்டப் பாத்து ஓட்டு."