படிக்காமல் வைத்த இருபத்து மூன்று முடிவுகள்

அன்னக்கொடிக்கு ஓரிடத்தில் உட்கார்ந்து படிக்க வராது. செல்லூரில் அவள் குடியிருக்கும் சந்தில் காலை ஆறு மணிக்கே விசைத்தறிகள் ஓடத் தொடங்கிவிடும். அந்தச் சத்தத்துக்குள், அடுப்படியில் நின்றபடியும், குழாயடியில் குடம் நிறையும்வரையும், பஸ்ஸில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டும் கைப்பேசியில் காமிக்ஸ் படிப்பாள். எப்போதும் ஐந்து கதைகளாவது திறந்திருக்கும். ஒன்றில் நாலு கட்டம், இன்னொன்றில் ஒரு அத்தியாயம் என்று தாவிக்கொண்டே இருப்பாள். முப்பத்தாறு வயதுப் பெண் பொம்மைப் புத்தகம் பார்க்கிறாள் என்று பக்கத்து வீடுகளில் சிரிப்பார்கள். அவள் தலை நிமிர்வதில்லை.

செக்கானூரணிப் பக்கத்தில் விவசாயக் குடும்பம் அவளுடையது. பன்னிரண்டாம் வகுப்பு முடித்து, தட்டச்சு ஹையர் தேறி, தறி ஓட்டும் சின்னச்சாமியைக் கட்டிக்கொண்டு நகரத்துக்கு வந்தவள். இப்போது வண்டியூரில் ஒரு பள்ளிக்கூடத்து அலுவலகத்தில் மாற்றுச் சான்றிதழ்களும் மாணவர் பட்டியல்களும் அடித்துக்கொண்டிருக்கிறாள்.

காமிக்ஸை அவள் வாங்கியதெல்லாம் ‘சித்திரக்கட்டம்’ என்ற ஒரே செயலியில். பண்டிகைச் சலுகை வந்தால் கொத்தாக வாங்குவாள். எட்டு வருடத்தில் அவளுடைய அலமாரியில், அதாவது செயலியில் அலமாரி என்று பெயரிட்டிருந்த பக்கத்தில், நானூறுக்கும் மேல் சேர்ந்துவிட்டது. அட்டைப்படங்களைத் தன் விருப்பப்படி மாற்றி மாற்றி அடுக்குவது அவளுக்குப் படிப்பதைவிடப் பிடித்த வேலை.

அவளிடம் இன்னொரு பழக்கமும் உண்டு. மனதுக்கு மிகவும் பிடித்துப்போன கதை என்றால் அதன் கடைசி அத்தியாயத்தை மட்டும் படிக்க மாட்டாள். அப்படி இருபத்து மூன்று கதைகளை முடிக்காமல் வைத்திருந்தாள்.

“சோறு போட்டுட்டு ரசத்தை மட்டும் ஊத்தாம வச்சுக்கிற மாதிரில்ல இருக்கு,” என்பான் சின்னச்சாமி. “காசு கொடுத்து வாங்குனதுதான? முடிச்சுத் தொலைய வேண்டியதுதான?”

“முடிச்சா முடிஞ்சு போயிரும்.”

“ஆமா, பெரிய கண்டுபிடிப்பு.”

அந்த இருபத்து மூன்றில் அவளுக்கு உயிரானது ஒரு பெண் கண்டக்டரின் கதை. அந்தக் கண்டக்டரின் தங்கை சின்ன வயதிலேயே காணாமல் போனவள். யாரோ ஒருவர் ஒவ்வொரு ஊர்ப் பேருந்திலும் ஏதோ ஒரு இருக்கைக்கு அடியில் கண்டக்டருக்குக் கடிதம் வைத்துவிட்டுப் போகிறார். தொண்ணூற்றாறு அத்தியாயம் படித்தாயிற்று. தொண்ணூற்றேழில் கடைசிக் கடிதம். ஒன்றரை வருடமாக அன்னக்கொடி அதைத் திறக்கவில்லை.

போன மாதம் முதல் தேதி செயலியில் அறிவிப்பு வந்தது. சித்திரக்கட்டம் மூடப்படுகிறது. முப்பத்தொன்றாம் தேதி மாலை ஆறு மணிக்குப் பிறகு, ஏற்கெனவே வாங்கிய கதைகளும் திறக்காது. அதுவரை ஒரு கணக்கை ஒரு கருவியில் மட்டுமே பார்க்க முடியும். அதை மூன்று தடவை படித்தாள். வாங்கியதென்றால் தன்னுடையது என்று எட்டு வருடமாக நினைத்திருந்தது தப்பு என்று விளங்க அவ்வளவு நேரம் பிடித்தது. ஒரு மாதம் இருக்கிறதே என்று அன்றைக்கு அலமாரியை மறுபடி அடுக்கினாள். தினமும் ஒரு முடிவு என்று கணக்குப் போட்டாள். ஒவ்வொரு நாளும் விரல் கடைசி அத்தியாயத்தின் மேல் போய் நின்று திரும்பிவிடும். அப்படியே இருபத்தெட்டாம் தேதி வந்துவிட்டது.

அன்று காலை செயலி அவளை வெளியே தள்ளி, உள்ளே வர ஓடிபி கேட்டது. எந்த நம்பருக்கு அனுப்பியிருக்கிறது என்று அதன் கடைசி மூன்று எண்களைக் காட்டியது. அது பாண்டிராஜ் கடை நம்பர்.

தல்லாகுளத்தில், கோர்ட்டுக்குப் போகிற வழியில், மனு எழுதி அடித்துக்கொடுக்கும் கடை பாண்டிராஜுடையது. பள்ளிக்கூட வேலைக்கு முன்னால் அன்னக்கொடி அங்கேதான் இருந்தாள். வேலைக்குச் சேர்பவருக்குக் கடை சிம் ஒன்றைக் கொடுப்பது அவர் வழக்கம். மனு எழுத வரும் பார்ட்டிகள் கூப்பிட்டால் எடுக்க வேண்டும். அப்போது அவளிடம் இருந்த ஒரே நம்பர் அதுதான். செயலியில் கணக்குத் தொடங்கியதும் அதில்தான்.

வேலையை விட்டது சண்டையில். ஒரு நிலத் தகராறு மனுவில் கிழக்கு எல்லையும் மேற்கு எல்லையும் இடம் மாறிப்போய், மனு திரும்பி வந்துவிட்டது. பார்ட்டியின் முன்னால், “கண்ண எங்க வச்சுக்கிட்டு அடிச்ச? அந்தப் பொம்மைக்குள்ளயா?” என்று பாண்டிராஜ் கத்தினார். அவர் கைப்பட எழுதிக் கொடுத்ததில் இருந்தபடியேதான் அவள் அடித்திருந்தாள். அடித்ததைச் சரிபார்த்துக் கையெழுத்து வைத்தவரும் அவர்தான். அவள் சிம்மைக் கழற்றி ஒரு கவரில் போட்டு மேசையில் வைத்துவிட்டு வந்தாள். மூன்று வருடமாகிறது. அந்தப் படியை இனி மிதிப்பதில்லை என்றிருந்தாள். சிம்மைக் கொடுத்தவள் கணக்கில் நம்பரை மாற்ற மறந்துவிட்டாள். செயலி அதுவரை திறந்தே கிடந்ததால் நினைவே வரவில்லை.

நிறுவனத்துக்கு மூன்று மின்னஞ்சல் அனுப்பினாள். மூன்றுக்கும் ஒரே பதில் தானாக வந்தது. இருபத்தொன்பதாம் தேதி ஏழு தடவை ஓடிபி கேட்டாள். ஏழும் தல்லாகுளத்துக்குப் போயின. பள்ளியில் ஒரு பையனின் சான்றிதழில் அப்பா பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஊர் பெயரை அடித்துவைத்தாள்.

“போன் பண்ணிக் கேளு,” என்றான் சின்னச்சாமி. “கடிச்சா தின்றுவாரு?”

“எடுத்ததும் என்னன்னு ஆரம்பிக்கிறது?”

“ஓடிபி சொல்லுங்கன்னு ஆரம்பி. ஊர்ல பாதிப்பேரு அப்படித்தான ஆரம்பிக்கிறான்.”

முப்பத்தொன்றாம் தேதி அரை நாள் விடுப்பு போட்டுவிட்டு, தெப்பக்குளம் நிறுத்தத்தில் பஸ் ஏறினாள். உட்கார இடம் இருந்தும் நின்றாள். கோரிப்பாளையம் சிக்னலில் பஸ் அசையாமல் கிடந்தபோது இறங்கி நடந்துவிட்டாள். கடைப் படியில் கால் வைக்கும்போது மணி ஒன்றே முக்கால்.

பாண்டிராஜ் மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு டேப்லெட் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். கம்ப்யூட்டரின் முன்னால் பவதாரிணி என்ற புதுப் பெண் அடித்துக்கொண்டிருந்தாள்.

“அடடே, அன்னக்கொடியா? வா தாயி. இப்பத்தான் வழி தெரிஞ்சுச்சா?”

“பழைய சிம்முக்கு ஒரு ஓடிபி வரும்ணே. அத மட்டும் சொல்லுங்க. போயிர்றேன்.”

“நீயுமா? ரெண்டு நாளா ஓடிபியா வந்து கொட்டுது. எவனோ ஏமாத்துக்காரன்னு போலீசுக்குப் போகவான்னு இந்தப் புள்ளகிட்ட கேட்டுக்கிட்டிருந்தேன்.”

“நாந்தான் கேட்டேன். சித்திரக்கட்டத்துக்கு.”

பாண்டிராஜ் கையிலிருந்த டேப்பை மெதுவாகக் கவிழ்த்து வைத்தார். அவள் எட்டிப் பார்ப்பதற்குள் பவதாரிணி சொல்லிவிட்டாள்: “அண்ணே பாக்குறதும் அதான்க்கா. ஒரு வருசமா.”

ஒரு நாள் கடை நம்பருக்கு, புதிய அத்தியாயம் தயார் என்று குறுஞ்செய்தி வந்ததாம். அதைத் தொட்டாராம். ஓடிபி கேட்டதாம். அதுவும் அதே போனுக்கே வந்ததாம். உள்ளே போனால் நானூறு கதை.

“சிம்முக்காரன் ஏதோ இனாமாக் கொடுக்குறான்னுல நெனச்சேன். ஒன்னோடதுன்னு சத்தியமாத் தெரியாது.”

அன்னக்கொடிக்குச் சில விஷயங்கள் இப்போது விளங்கின. தான் திறக்காத கடைசி அத்தியாயங்களில் படித்ததற்கான பச்சை அடையாளம் விழுந்து கிடந்ததைப் பல மாதங்களாகப் பார்த்திருந்தாள். செயலியில் கோளாறு என்று ஒற்றை நட்சத்திரம் போட்டு விமர்சனம்கூட எழுதியிருந்தாள். இருபத்தெட்டாம் தேதி தன்னை வெளியே தள்ளியதும் இவர்தான். ஒரு கணக்குக்கு ஒரே கருவி என்று வந்ததில் வெளியே விழுந்த இவர், அன்று ஓடிபி போட்டுத் திரும்ப உள்ளே நுழைந்திருக்கிறார்.

“எல்லாத்தையும் படிச்சுட்டீங்களா?”

“முக்காவாசி. அந்தக் கலங்கரை விளக்கத்துக் கதை இருக்குல்ல, அதுல கடைசியில அந்த டாக்டரு...”

“சொல்லாதீங்க!”

தெருவில் போன வக்கீல் ஒருவர் திரும்பிப் பார்த்தார். பவதாரிணியின் விரல்கள் நின்றன. எட்டு வருடம் வேலை பார்த்த கடையில் அன்னக்கொடி குரல் உயர்த்தியது அதுதான் முதல் தடவை.

“சரி தாயி, வாயத் தொறக்கல,” என்றார் பாண்டிராஜ்.

ஓடிபி வந்தது. அவர் ஒவ்வொரு எண்ணாகச் சொல்ல, அவள் அழுத்தினாள். மற்றக் கருவியை நீக்கவா என்று செயலி கேட்டது. ஆமாம் என்றாள். மேசையில் கவிழ்ந்து கிடந்த டேப் ஒரு தடவை அதிர்ந்து அடங்கியது. அவர் அதை எடுத்துப் பார்க்கவில்லை.

வீட்டுக்குப் போகும் நேரத்தையும் வீணாக்க முடியாது. பார்ட்டிகள் உட்காரும் பெஞ்சில் உட்கார்ந்தாள், எழுந்தாள், சுவரில் சாய்ந்து நின்று முதல் முடிவைத் திறந்தாள், கலங்கரை விளக்கத்துக் கதை. டாக்டர்தான். அடுத்தது. அதற்கடுத்தது. வருடக்கணக்கில் ஆசையாக மூடி வைத்ததை எல்லாம், மனுக்களுக்கு முத்திரை குத்துவதைப்போல ஒன்றன்மேல் ஒன்றாக முடித்துத் தள்ளினாள். ஒருவன் செத்தான், ஒருத்தி ஊர் திரும்பினாள், ஒரு பூனை பேசியது. எதற்கும் அழுகையோ சிரிப்போ வர நேரமில்லை. ஒரு முடிவு மனதில் இறங்குவதற்குள் விரல் அடுத்ததைத் தொட்டுவிடும். ஆனாலும் நிறுத்த முடியவில்லை. நடுவில் பவதாரிணி வைத்த டீ ஆடை கட்டி ஆறிப்போயிற்று.

பாண்டிராஜ் ஓயாமல் பேசுகிறவர். அன்று மூன்றரை மணி நேரம் பேசவில்லை. இரண்டு பார்ட்டிகளை நாளைக்கு வரச்சொல்லி அனுப்பினார். காணாமல் போன கப்பல் ஒன்றின் கதையை அவள் திறந்தது கண்ணில் பட்டபோது மட்டும் நாற்காலியை விட்டு எழுந்து வாசல்வரை போய், அவள் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார்.

ஐந்து இருபத்தைந்துக்கு இருபத்திரண்டு முடிந்திருந்தது. மிச்சம் கண்டக்டர் கதை. வழக்கத்தைவிட இரண்டு மடங்கு நீளமான அத்தியாயம். நின்று நிதானமாகப் படித்தால் அரை மணி பிடிக்கும். விரல் அதன் மேல் போய் நின்றது.

“அன்னக்கொடி,” என்றார் பாண்டிராஜ். “அந்தக் கப்பல் கரைக்கு வந்துச்சா, வரலையா? அத ஒண்ணு மட்டும் சொல்லிரு. நான் முப்பத்தாறுல நிக்கிறேன். இன்னும் நாலு இருக்கு.”

ஒரு வார்த்தையில் சொல்லிவிடலாம். அவள் வாயைத் திறந்தாள். இந்த மனிதர் காலையிலிருந்து டேப்பை மடியில் வைத்துக்கொண்டு இதைத்தான் படித்திருக்கிறார். வந்தவள் அதைப் பிடுங்கியிருக்கிறாள். அவர் ஒரு பேச்சும் பேசவில்லை. கைப்பேசியைப் பார்த்தாள். ஐந்து இருபத்தேழு.

“சொன்னா நல்லாருக்காதுண்ணே. இந்தாங்க, நீங்களே பாருங்க.”

“ஒனக்கு இன்னும் ஒண்ணு இருக்கே?”

“அத நீங்க படிச்சுட்டீங்க. பச்சை விழுந்திருக்கு. அப்புறம் நீங்க எனக்குச் சொல்லுங்க.”

அவர் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிக்கொண்டு வாங்கினார். அவள் வாசலுக்கும் பெஞ்சுக்குமாக நடந்தாள். கொடுத்த மறு நிமிடமே திரும்பப் பிடுங்கிவிடலாமா என்றிருந்தது. ஐந்து ஐம்பத்தெட்டுக்கு அவர், “அடப்பாவிகளா,” என்று முனகினார். கப்பல் விஷயம் தெரிந்துவிட்டது என்று அவளுக்குப் புரிந்தது. ஆறு மணிக்குத் திரை வெள்ளையானது. நன்றி என்று ஒரு வரி வந்து நின்றது.

அன்னக்கொடி கைப்பேசியை வாங்கிப் பைக்குள் போட்டாள்.

“சொல்லுங்கண்ணே.”

“கண்டக்டரம்மா கடைசி ட்ரிப்புல வருது. பஸ்ஸு காலி. கடைசி சீட்டுக்கு அடியில லெட்டரு இருக்கு. எடுக்குது. பிரிக்குது.”

“ம்.”

“முழுப் பக்கத்துக்கும் லெட்டருதான், பொடி எழுத்துல. அடுத்த பக்கத்துல அது பஸ்ஸ விட்டு எறங்கிப் போயிருது. சிரிக்கிற மாதிரி இருக்கும் முகம். அம்புட்டுதான்.”

“லெட்டர்ல என்ன இருந்துச்சு?”

பாண்டிராஜ் கண்ணாடியைத் துடைத்தார். “அன்னைக்குன்னு பாத்து ஒரு பார்ட்டி வந்து நின்னுட்டான். பொடி எழுத்தா இருந்துச்சா... தள்ளி விட்டுட்டேன்.”

“லெட்டரப் படிக்காமயா?”

“அப்புறமாப் பாத்துக்கலாம்னு.”

“நீங்க எதத்தான்ணே ஒழுங்காப் படிச்சீங்க?”

அவள் கடிதத்தைத்தான் சொன்னாள். சொன்ன பிறகுதான் மற்றது அவளுக்கே நினைவுக்கு வந்தது. பாண்டிராஜ் துடைத்த கண்ணாடியை மறுபடி துடைத்தார்.

“அந்த மனுவையும் நான் படிக்கல,” என்றார். “பாக்காமத்தான் கையெழுத்துப் போட்டேன். பார்ட்டிக்கு முன்னாடி என்ன சொல்றதுன்னு தெரியாம ஒன் மேல பாஞ்சுட்டேன்.”

பவதாரிணி தலையைக் குனிந்துகொண்டு, ஒன்றும் இல்லாத திரையில் எதையோ அடித்தாள்.

“தெரியும்ணே,” என்றாள் அன்னக்கொடி. பையை எடுத்துக்கொண்டாள். “வாரேன்.”

செல்லூரில் மாலை ஷிஃப்ட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த சின்னச்சாமி, அவள் நின்றபடியே சொன்னதை எல்லாம் கேட்டான்.

“ஆக, எல்லாம் முடிஞ்சுச்சு. விட்டது சனி,” என்று சட்டையை மாட்டிக்கொண்டு போனான். பத்து நிமிடத்தில் தறிக்கூடத்திலிருந்து திரும்பி வந்து வாசலில் நின்றான்.

“ஏன் புள்ள, அந்தத் தங்கச்சி உயிரோட இருக்கான்னு எழுதியிருக்குமோ?”

“தெரியல.”

“சிரிச்சான்னுதான அவரு சொன்னாரு?”

“சிரிக்கிற மாதிரின்னாரு.”

“அவருதான் ஒழுங்காப் பாக்க மாட்டாருல்ல.” போனவன் சந்து முனையிலிருந்து மறுபடி திரும்பினான். “லெட்டர வைக்கிறதே அந்தத் தங்கச்சியா இருந்தா?”

அன்னக்கொடி உலையில் அரிசியைப் போட்டுவிட்டு நிமிர்ந்தாள். அது அவளுக்கு இதுவரை தோன்றவில்லை.

“தறி ஓடுது பாருங்க, போங்க,” என்றாள். “வந்து பேசிக்கலாம்.”