ஆறு கல்லுக்கு ஏழு மெழுகுவத்தி

கல்லறைத் திருநாளன்று ஓசியில் ஜீப் கிடைத்தால் என் அம்மா விடுவாளா? வேலை என்னவோ எனக்குத்தான். இங்கிலாந்திலிருந்து வந்திருந்த ஒரு வெள்ளைக்கார அம்மாளை, ரங்கூனுக்கு வெளியே இருக்கும் யுத்தக் கல்லறைக்கு அழைத்துப் போய்த் திரும்பக் கொண்டுவந்து விட வேண்டும். ரங்கூன் கியாக்டடா பகுதியில் விமான டிக்கெட் போடும் ஆபீசில் நான் டைப்பிஸ்ட். கான்வென்ட் இங்கிலீஷ் பேசுகிறவள் என்பதால் இந்த மாதிரி வேலையெல்லாம் என் தலையில்தான் விடியும். அறுபதுகளின் நடுவில் வெளிநாட்டாருக்கு இருபத்துநாலு மணி நேரம்தான் விசா. அந்த அம்மாள் மறுநாள் காலை விமானம் ஏறியாக வேண்டும்.

லான்மடாவில் எங்கள் வீட்டு வாசலுக்கு ஜீப் வந்ததும் எனக்கு முன்னால் அம்மா ஏறி உட்கார்ந்துவிட்டாள். மடியில் தூக்குச்சட்டி, கையில் ஒரு கட்டு மெழுகுவத்தி.

"அது ஆபீஸ் வண்டிம்மா."

"இருக்கட்டுமே. நான் என்ன ஆபீஸ்ல சம்பளமா கேட்டேன்?"

டிரைவர் பாய் சிரித்தார். "வரட்டும் தங்கச்சி. வண்டி மக்கர் பண்ணினா தள்ள ஒரு ஆள் கூட."

அம்மாவின் அவசரத்துக்குக் காரணம் இருந்தது. கல்லறைத் திருநாளில் எல்லாரும் அவரவர் வீட்டுக் கல்லறைக்கு மாலை போட்டு மெழுகுவத்தி ஏற்றுவார்கள். எங்களுக்கு மெழுகுவத்தி ஏற்றுவதற்கு ஒரு கல்லறை இல்லை. ஜப்பான்காரன் ஊரைப் பிடித்திருந்த காலத்தில், துறைமுகத்துக்கு என்று வெள்ளைக்காரன் விமானம் போட்ட குண்டு எங்கள் தெருவில் விழுந்தது. ஏழு வயது அக்கா பதுங்குகுழியோடு போய்விட்டாள். எடுத்துப் புதைக்க ஒன்றும் கிடைக்கவில்லை. நான் அப்போது கைக்குழந்தை. வருஷா வருஷம் அம்மா கேட்பாரற்ற கல்லறைகளாகப் பார்த்து ஏற்றிவிட்டு, கடைசி ஒன்றை அக்கா பேருக்குப் பக்கத்துப் புல்லில் நட்டு வைப்பாள்.

ஹோட்டலில் ஏறிய வெள்ளைக்கார அம்மாள் வழியெல்லாம் மகனைப் பற்றியே பேசினாள். விமானத்தின் வாலில், கால் நீட்டக்கூட இடமில்லாத கூண்டில் உட்கார்ந்து துப்பாக்கி பிடிக்கும் வேலையாம். பாராசூட்டைக்கூட மாட்டிக்கொண்டு உட்கார முடியாது, முதுகுக்குப் பின்னால் தொங்கவிட்டிருப்பார்களாம். விமானம் அடிபட்டால், எட்டி எடுக்க நேரமிருந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. இன்னும் இரண்டே தடவை போய்வந்திருந்தால் அவனை ஊருக்கு அனுப்பியிருப்பார்கள். உயரத்தில் கை விறைக்கிறது என்று எழுதியிருந்தான். அவள் கையுறை பின்னி முடிப்பதற்குள் தந்தி வந்துவிட்டது. அந்தக் கையுறையைத்தான் இப்போது மடியில் வைத்திருந்தாள்.

"பையன் என்ன வேலை பாத்தானாம்?" என்றாள் அம்மா.

"விமானத்துல."

"குண்டு போடுற விமானமா?"

அம்மாவிடம் மறைக்க முடியுமா? "ஆமாம்" என்றேன். அம்மா தூக்குச்சட்டியைத் திறந்து அந்த அம்மாளுக்கு இரண்டு முறுக்கு கொடுத்தாள். அம்மா எங்கே எதைப் போட்டு உடைப்பாளோ என்று அன்று முழுக்க எனக்குப் பயம்தான்.

கல்லறையில் மகன் பெயர் போட்ட கல் சீக்கிரமே அகப்பட்டது. ஆனால் இடமும் வலமும் சேர்த்து ஆறு கற்கள் ஒன்றோடொன்று ஒட்டி நின்றன. காவல்காரர் பர்மியத்தில் விளக்கினார்: விமானம் எரிந்து விழுந்ததில் யார் யார் என்று பிரிக்க முடியவில்லை, ஆறு பேரையும் ஒன்றாகத்தான் புதைத்திருக்கிறது. நான் மெதுவாக இங்கிலீஷில் சொன்னேன். கையுறையை எங்கே வைப்பது என்று தெரியாமல் அந்த அம்மாள் நின்றாள். அவ்வளவு தூரம் வந்து, மகன் எந்தப் புல்லுக்குக் கீழே என்றுகூடத் தெரியவில்லையே.

எங்கள் கல்லறைத் தோட்டத்தில் கல்லை ஒட்டி நட்டால் அது ஒரே குடும்பம். அம்மா அதே கணக்கில் கேட்டாள்: "பாவம், ஆறும் அண்ணன் தம்பியா?"

என்ன சொல்கிறாள் என்று அந்த அம்மாள் கேட்டாள். சொன்னேன். ஆறு கல்லையும் ஒருமுறை பார்த்தாள். பிறகு, "ஆமாம் என்று சொல்" என்றாள். கையுறையை வைத்துவிட்டு, அம்மாவிடம் மெழுகுவத்தி வாங்கி ஆறு கல்லுக்கும் தானே ஏற்றினாள்.

அம்மா ஏழாவதை எடுத்துப் புல்லில் நட்டாள்.

"இது யாருக்கு?" என்று அந்த அம்மாள் என்னைக் கேட்டாள்.

அம்மாவுக்குக் கேள்வி புரிந்துவிட்டது. "என் மூத்தவளுக்கு. குண்டு விழுந்து போயிட்டாள்னு சொல்லு."

நான் இங்கிலீஷில், "அக்காவுக்கு. ஃபீவரில் இறந்துபோனாள்" என்றேன்.

அந்த அம்மாள் அம்மாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதாள். அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

அந்த அம்மாளை ஹோட்டலில் இறக்கிவிட்டுத் திரும்பும்போதுதான் அம்மா வாயைத் திறந்தாள்.

"ஃபீவர்னா எனக்குத் தெரியும்டி."

"அவங்க தாங்க மாட்டாங்கன்னுதான்மா..."

"சரிதான். ஊருக்குப் போறவ, இதையும் தூக்கிக்கிட்டா போவா?"

தூக்குச்சட்டியை மூடினாள். ஜீப் எங்கள் தெருவுக்குள் திரும்பியது.

"ஆனா உங்கக்காவுக்கு ஒரு நாள்கூடக் காய்ச்சல் வந்ததில்ல" என்றாள்.